கொலைக் கணக்கும் நம் கணக்கும்

(கொல்லிமலை வாழவந்தி நாடு, செம்மேட்டில் அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளன்று பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



அண்ணலின் நினைவு நாளில் கொலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நினைக்காதீர்கள். இந்தத் தலைப்பு நான் தேர்ந்தெடுத்தது இல்லை. நான் ஒரு பேங்கில் எழுத்தர். இரண்டு மாசத்துக்கு முன்னால கவுண்டருக்கு ஒரு அக்கா வந்தாங்க. இங்கேதான் உக்காந்திருக்காங்க, அதனால பேர் சொல்லல. மிளகு வித்த காசையும் நகைக் கடனையும் சேர்த்து மகன் சென்னையில படிக்கிறதுக்குப் பணம் கட்ட வந்தவங்க. சலானை நீட்டிக்கிட்டே, "தம்பி, டிவியைத் தொறந்தாலே பட்டணத்துல வெட்டுக் குத்தா இருக்குது. நம்ம மலையில அப்பிடி இல்லியே. பையன அனுப்பலாமா?"ன்னு கேட்டாங்க. பின்னாடி வரிசை நின்னுக்கிட்டு இருந்தது. "ஒண்ணும் ஆகாதுக்கா, அனுப்புங்க"ன்னு சொல்லி முத்திரை குத்திக் கொடுத்துட்டேன். அது பதில் இல்லை. அன்னிக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்னிக்குச் சொல்லிப் பார்க்கிறேன். கொஞ்சம் சுத்தி வரணும். பொறுத்துக்கணும்.

நகரத்தில் கொலை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? உலகம் முழுக்கப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி இது. நியூயார்க் நகரத்தில் 1990இல் 2,245 பேர் கொலையானார்கள். 2017இல் 292 பேர். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். 1953 முதல் ஆண்டுதோறும் மத்திய அரசு குற்றப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 1992இல் நாற்பதாயிரத்துக்கும் மேல் கொலைகள், லட்சம் பேருக்கு 4.6. 2022இல் 28,522 கொலைகள், லட்சம் பேருக்கு 2.1. முப்பது ஆண்டில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. டிவி சொல்வதும் கணக்கு சொல்வதும் நேர் எதிராக இருக்கிறது.

ஏன் இறங்கியது? அமெரிக்காவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். போலீசைக் கூட்டினோம் என்றார் மேயர். லட்சக்கணக்கில் ஜெயிலில் போட்டோம் என்றார்கள். கொக்கைன் வியாபாரச் சண்டை ஓய்ந்தது என்றார்கள். வாலிபர் எண்ணிக்கை குறைந்தது என்றார்கள். ஒரு சாரார் பெட்ரோலைக் காட்டினார்கள். பெட்ரோலில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளைக்குள் போய் முன்கோபத்தை வளர்த்தது, ஈயத்தை நிறுத்தினார்கள், அந்தக் குழந்தைகள் வாலிபர் ஆனபோது கொலையும் குறைந்தது என்பது அவர்கள் வாதம். நம் நாட்டில் ஈயப் பெட்ரோலை முழுசாக நிறுத்தியது 2000இல்தான். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். எதுவும் முழுசாக நிற்கவில்லை. ஏனென்றால் இறங்கிய அதே அமெரிக்கக் கணக்கு 2020இல் ஒரே ஆண்டில் ஏறக்குறைய முப்பது சதவீதம் ஏறி, பிறகு மறுபடி இறங்கியது.

ஒரு காரணத்தை மட்டும் நாம் நின்று பார்க்க வேண்டும். 2002இல் சில ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். வெட்டும் சுடுதலும் குறைந்ததால் மட்டும் கொலை குறையவில்லை, வெட்டுப்பட்டவன் பிழைத்துக்கொள்கிறான் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, ரத்த வங்கி வந்தது, ஆபரேஷன் முறைகள் வளர்ந்தன. 1960இல் இருந்த மருத்துவமே இன்றும் இருந்திருந்தால் அமெரிக்கக் கொலைக் கணக்கு பல மடங்காக இருந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு.

இதை இந்த மலையில் வைத்து யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஒருத்தன் வயிற்றில் குத்துப்படுகிறான். பதினைந்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொள்கிறான். அது "கொலை முயற்சி". அதே கத்தி, அதே ஆழம், இங்கே ஒரு ஓரத்துச் சிற்றூரில் ராத்திரி பதினொரு மணிக்கு விழுகிறது. 108க்குப் போன் போட சிக்னல் கிடைக்க வேண்டும். வண்டி வர வேண்டும். எழுபது வளைவு இறங்க வேண்டும். அது "கொலை". குத்தினவனின் கோபத்தில் வித்தியாசம் இல்லை, ரோட்டில்தான் வித்தியாசம். தமிழ்நாட்டில் 108 வண்டி வந்ததே 2008இல். நாமக்கல்லுக்கு மருத்துவக் கல்லூரி வந்தது 2022இல். கொலை விகிதம் என்று நாம் படிக்கிற எண்ணுக்குள் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சாதிதான் காரணம். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். டாக்டர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் கொலைப் பட்டியலில் அந்த ராத்திரி இல்லை. பட்டியல் இறங்கினால் வெறி இறங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

*

அடுத்த கேள்வி, சாவது யார்?

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பின மக்கள் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. கொலையாகிறவர்களில் அவர்கள் ஏறக்குறையப் பாதி. ஒரே நகரத்தில் ஒரு தெரு நிம்மதியாகத் தூங்குகிறது, பக்கத்துத் தெருவில் வாரம் ஒரு பிணம் விழுகிறது. இரண்டையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரிதான் "நகரத்தின் கொலை விகிதம்". சராசரியில் யாரும் சாவதில்லை தோழர்களே. ஆள்தான் சாகிறான்.

சென்னையிலும் அப்படித்தான். கூவம் கரையில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த சனங்களை, 2000 வாக்கில் தொடங்கி, ஊருக்கு வெளியே கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். வீட்டு வேலைக்குப் போனவளுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. படித்த பையன் பள்ளியை விட்டான். இண்டர்வியூவில் முகவரியைச் சொன்னால் முகம் மாறுகிறது. அப்புறம் அந்தப் பையனுக்கு ஒரு "அண்ணன்" கிடைக்கிறார். அண்ணனுக்கு மேலே ரியல் எஸ்டேட், அதற்கு மேலே வெள்ளைச் சட்டை. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே குடியிருப்பின் பிள்ளைகள். செய்தித்தாளில் "ரவுடி கொலை" என்று வருகிறது. ரவுடி என்று எழுதிய பிறகு யாருக்கும் துக்கம் தேவைப்படுவதில்லை. படித்து வக்கீலாகி, கட்சி மாநிலத் தலைவராக வந்தாலும் விடுவதில்லை. 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் தன் வீட்டருகே ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார்.

கொலைக்கான காரணத்தையும் அரசு எண்ணுகிறது. முதலிடம் "தகராறு", அடுத்தது "முன்விரோதம்". சாதிக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் விழுகிற எண் எப்போதும் சின்னது. ஆணவக் கொலைக்குத் தனிக் கட்டம் போட்டதே 2014இல்தான். ஆனால் தகராறு என்ற மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். பாதைத் தகராறு, தண்ணித் தகராறு, கோயில் தகராறு, கூலித் தகராறு, பொண்ணுத் தகராறு... பாதி மூட்டை சாதிதான். முன்விரோதம் என்கிறார்களே, எத்தனை நாள் முன்? இரண்டாயிரம் வருஷம் முன்பா?

கொன்றதற்கு என்ன பேர் வைப்பது என்பது எப்போதும் கொன்றவன் கையில்தான் இருந்திருக்கிறது. இந்தச் செம்மேட்டிலே வல்வில் ஓரி சிலை நிற்கிறது. இந்த மலைக்காகத்தான் ஓரியைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அதை யாரும் கொலை என்று எழுதவில்லை, போர் என்று எழுதினார்கள். அரசனுக்கே அந்தக் கதி என்றால் நமக்கு?

*

பேங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம். சாயங்காலம் வரவும் பற்றும் நேராகணும். நேராகவில்லை என்றால், எங்கே சேர்ப்பது என்று தெரியாத தொகையைச் "சஸ்பென்ஸ்" கணக்கில் தூக்கிப் போடுவோம். புத்தகம் அன்றைக்கு டாலி ஆகிவிடும். ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். "இந்த என்ட்ரி எத்தனை நாளா நிக்குது?"

போலீசிடமும் ஒரு சஸ்பென்ஸ் கணக்கு இருக்கிறது. அதன் பழைய பேர் 174, சந்தேக மரணம். 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 194 என்று எண் மாறியிருக்கிறது. கிணற்றில் கிடந்தவன், தண்டவாளத்தில் கிடந்தவன், தூக்கில் தொங்கினவள் எல்லாரும் முதலில் அங்கேதான் வருவார்கள். நியாயமாகப் பார்த்தால் அது தற்காலிகக் கணக்கு. விசாரித்துச் சரியான இடத்துக்கு மாற்ற வேண்டும். எத்தனை பேர் அங்கேயே கிடந்து மூடப்படுகிறார்கள்? அந்த ஆடிட்டர் யார்?

நம் நாமக்கல் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. 2015 ஜூன் 23. ஓமலூர் கோகுல்ராஜ், இன்ஜினியரிங் படித்தவர், கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தார். தற்கொலைக் கடிதம்கூடத் தயாராக இருந்தது. முதலில் போட்டது சந்தேக மரணம்தான். தாய் விடவில்லை, இயக்கங்கள் விடவில்லை, உடலை வாங்க மறுத்து நின்றார்கள். கொலை வழக்காக மாறியது. முக்கிய சாட்சி பிறழ்ந்தும், கோயில் காமிரா பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. அந்தத் தாய் அன்றைக்கு உடலை வாங்கிக்கொண்டு போயிருந்தால்? 2015ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டக் கொலைக் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

வேறு கணக்குகளும் இருக்கின்றன. வரதட்சணை மரணத்துக்குத் தனித் தலைப்பு. நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரம் பெண்களுக்கு மேல் அதில் போகிறார்கள், கொலை எண்ணில் அவர்கள் இல்லை. மலக்குழியில் விஷவாயு தாக்கிச் சாகிறவன் "விபத்து". 1993 முதல் எடுத்த கணக்கில் நாட்டிலேயே அதிகம் பேர் அப்படிச் செத்தது தமிழ்நாட்டில்தான். செத்தவர் எல்லாரும் எந்தச் சேரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

*

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. கவிதையாகக்கூட எழுதினதில்லை, எழுத வரவில்லை.

எங்க சித்தப்பா ஒருத்தர். எனக்கு நீச்சல் கத்துக் கொடுத்தவர். எங்க ஊர்ச் சுடுகாட்டுக்குப் போற பாதை ஒரு பட்டா நிலத்து வழியா போகும். அதை அடைச்சாங்க. மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிப் போவோம். சித்தப்பா நாலாங்கிளாஸ் படித்தவர். எழுத்துக் கூட்டிக் கூட்டி மனு எழுதி, தாலுகா ஆபீஸ் போய், சர்வேயர் வந்து அளக்கிற வரைக்கும் கொண்டுவந்தார். அளந்து மூன்று வாரம் கழித்துக் கிணற்றில் மிதந்தார். எந்தக் கிணற்றில் எனக்கு நீச்சல் சொல்லித் தந்தாரோ அதே கிணறு. பின்மண்டையில் காயம்.

ஸ்டேஷனில் எழுதினது, "கால் தவறி விழுந்து". சித்தி அழுதுகிட்டே, "அவருக்கு இருட்டுலயும் அந்தப் படி தெரியும் சாமி"ன்னாங்க. அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டார். நான் அப்போ டிகிரி முடிச்சு பேங்க் பரீட்சை எழுதி, ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவன். "தம்பி, பேங்க் வேலைக்கு எழுதியிருக்கியாமே. நல்லது. போலீஸ் வெரிஃபிகேஷன் இங்கதான் வரும்" என்றார். மிரட்டலே இல்லை. சிரித்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்.

சித்திக்கு எழுதத் தெரியாது. வாக்குமூலத்தை நான்தான் எழுதினேன். "மேற்படி மரணத்தில் எங்களுக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை." என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பார்கள். அழகான கையெழுத்தில் எழுதினேன். சித்தி கட்டை விரலை வைத்தார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு வேலை கிடைத்தது. நான் கொலைகாரன் இல்லை. ஆனால் அந்த ஆண்டு மாவட்டத்தின் கொலைக் கணக்கில் ஒன்றைக் குறைத்தவன் நான்.

அப்புறம் எங்க ஊர் என்ன ஆச்சு? ரொம்ப அமைதி. பாதையை யாரும் கேட்கவில்லை. பதிமூன்று வருஷமாக ஒரு அடிதடிகூட இல்லை. "உங்க ஊர் பிரச்சனை இல்லாத ஊருப்பா" என்று பின்னால் வந்த அதிகாரி ஒருவர் எங்களைப் பாராட்டிவிட்டே போனார்.

*

அந்தப் பாராட்டைப் பற்றித்தான் நான் பேச வந்தது.

மதுரை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1996இல் உள்ளாட்சித் தேர்தல். தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் மேலவளவு ஒன்று. மனுப் போடாதே என்றார்கள், போட்டார்கள். தேர்தலை நடக்கவிடாமல் கலைத்தார்கள். கடைசியில் போலீஸ் காவலில் தேர்தல் நடந்து முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டுப் பஸ்சில் திரும்பியவரை வழிமறித்துத் தலையை வெட்டினார்கள். கூட இருந்த ஐந்து பேரையும் கொன்றார்கள். ஆறு கொலை.

அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். அங்கேயும் தலைவர் பதவி தலித்துக்குத்தான். தேர்தல் அறிவிப்பார்கள், யாரும் மனுப் போட மாட்டார்கள். போட்டால் ஊர் சொன்ன ஆள் போடுவான், ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில் ஒழுங்காகத் தேர்தல் நடக்கும் வரை பத்து வருஷம் இப்படியே ஓடியது. அந்தப் பத்து வருஷத்தில் அந்த நாற்காலிக்காக அங்கே பிணம் விழவில்லை.

இப்போது புள்ளிவிவரத்தை எடுங்கள். மேலவளவு கொலை நடந்த ஊர், கெட்ட ஊர். பாப்பாபட்டி கொலை நடக்காத ஊர், நல்ல ஊர். அப்படியா? இரண்டு ஊரிலும் இருந்தது ஒரே அரிவாள்தான். மேலவளவில் ஒருவர் நிமிர்ந்தார், அரிவாள் இறங்கியது. பாப்பாபட்டியில் நிமிர விடவில்லை, அரிவாள் சுவரில் தொங்கியது. கொலை விகிதம் இறங்கிய அரிவாளை மட்டும்தான் எண்ணும். தொங்குகிற அரிவாளை எண்ணுவதற்கு எந்த அரசிடமும் கட்டம் இல்லை.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி நாற்பத்து நான்கு பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்களே, அதற்கு முன்பு அங்கே அமைதி இருந்ததா? இருந்தது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்காதவரை, சங்கம் வைக்காதவரை, அமைதி இருந்தது. 1990களில் தென் மாவட்டங்கள் எரிந்தபோது "சாதிக் கலவரம் பெருகிவிட்டது, அந்தக் காலம் எவ்வளவு ஒற்றுமை" என்று எழுதினார்கள். அந்தக் காலத்து ஒற்றுமைக்குப் பேர் கைகட்டி நிற்பது. பிள்ளைகள் படித்தார்கள், செருப்புப் போட்டார்கள், சைக்கிளில் போனார்கள், பஸ்சில் உட்கார்ந்தார்கள். கணக்கு ஏறியது.

ஆக, கொலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போலீஸ், ஆஸ்பத்திரி, ஈயம், சாராயம் என்று நூறு காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நம் சனங்கள் விஷயத்தில் இன்னொன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். கொலை இறங்குவது இரண்டு விதம். நீதி ஏறி, கொன்றால் தப்ப முடியாது என்று பயந்து இறங்குவது ஒன்று. செத்தவனின் சொந்தக்காரன் தலை குனிந்து, "சந்தேகம் இல்லை" என்று எழுதிக் கொடுத்து இறங்குவது இன்னொன்று. காகிதத்தில் இரண்டும் ஒரே எண். யாராவது "கொலை குறைந்துவிட்டது" என்று சொன்னால், "எந்த விதத்தில் குறைந்தது?" என்று கேளுங்கள்.

நீதி ஏறுவது லேசா? மேலவளவு வழக்கில் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மேல் நீதிமன்றங்களும் உறுதி செய்தன. ஆனால் 2008இல் மூன்று பேரையும், 2019இல் பதிமூன்று பேரையும் தண்டனைக் காலம் முடியும் முன்பே அரசு விடுதலை செய்தது. இதைப் பார்க்கிற அடுத்த அரிவாள் என்ன படிக்கும்? 2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் கவின் என்ற சாப்ட்வேர் இன்ஜினியரை வெட்டினார்களே, அந்தத் துணிச்சல் எங்கே இருந்து வந்தது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை.

*

மலைக்கு வருகிறேன். "நம்ம மலையில அப்பிடி இல்லியே" என்றார் அக்கா. உங்கள் பங்காளிகள் கதையைச் சொல்கிறேன்.

வாச்சாத்தி, தருமபுரி மாவட்டம். உங்களைப் போல மலையாளிப் பழங்குடிகள் வாழும் ஊர். 1992 ஜூன் 20ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறைக்காரர்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள். ஊரையே நொறுக்கினார்கள். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அரசுப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்து நடந்து அதில் எழுத வைத்தார்கள். 2011இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. 2023இல் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்.

2015 ஏப்ரல் 7ஆம் தேதி, திருப்பதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் இருபது பேர் ஆந்திரப் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து மலையாளிகள். மரம் வெட்டக் கூலிக்குப் போனவர்கள். அதற்குப் பேர் "மோதல்", "தற்காப்பு". அந்த இருபதை எந்தக் கொலைக் கணக்கில் தேடுவது?

நீங்கள் பழங்குடி, நாங்கள் தலித். மேலே கீழே என்று நமக்குள்ளும் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இறங்கி வந்தால் எங்கள் தெருவில் தண்ணி குடிக்க யோசிக்கிறவர்களும் இங்கே உண்டு. ஆனால் 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான். சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கிற பிணங்களும் ஒரே குவியல்தான்.

*

என்ன செய்வது? ஒரு கறுப்பினப் பெண்ணைச் சொல்லி முடிக்கிறேன். ஐடா வெல்ஸ். 1862இல் அடிமையாகப் பிறந்தவர். டீச்சர், பத்திரிகைக்காரி. 1892இல் மெம்பிஸ் நகரத்தில் அவருடைய நண்பர்கள் மூன்று பேரை வெள்ளைக் கும்பல் கொன்றது. அவர்கள் செய்த தப்பு, வெள்ளைக்காரன் கடைக்குப் போட்டியாக மளிகைக் கடை நடத்தியது. அந்தக் காலத்தில் கறுப்பனைக் கொன்றால், வெள்ளைப் பெண்ணைக் கெடுத்தான் என்று ஒரு காரணம் தயாராக இருக்கும். ஐடா வெல்ஸ் கணக்கெடுத்தார். யார், எங்கே, என்ன தேதி, என்ன காரணம் சொன்னார்கள், உண்மை என்ன என்று ஒவ்வொன்றாக. வெள்ளைக்காரர் பத்திரிகைகளிலிருந்தே எண்களை எடுத்தார், யாரும் மறுக்க முடியாதபடி. அவர் பத்திரிகை ஆபீசை நொறுக்கினார்கள். ஊரை விட்டு விரட்டினார்கள். 1895இல் கணக்கைப் புத்தகமாகப் போட்டார். டஸ்கேகி என்ற கறுப்பினக் கல்வி நிலையமும் ஆண்டுதோறும் எண்ணியது. 1882 முதல் 1968 வரை 4,743 பேர், அதில் 3,446 பேர் கறுப்பர்கள். கும்பல் கொலைக்கு எதிராக அமெரிக்காவில் தேசியச் சட்டம் வந்தது 2022இல். நூற்றுமுப்பது வருஷம் ஆயிற்று. ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

நமக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஊருக்கு ஒன்று. நாற்பது ரூபாய்தான். கிணறு, தண்டவாளம், மலக்குழி, தூக்கு, காடு, எங்கே நம் ஆள் செத்தாலும் அன்றைக்கே எழுதுங்கள். பேர், வயசு, கடைசியாக யாரிடம் என்ன கேட்டார், எதற்கு மனுப் போட்டார். அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். அதைப் போலீஸ் எழுதாது.

"சந்தேகம் இல்லை" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். வன்கொடுமைச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவர், சாட்சி உரிமைகளுக்கு என்றே 15ஏ பிரிவு இருக்கிறது, 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. கூடினார்களா என்று கேளுங்கள். நோட்டை எடுத்துப்போய் அங்கே வையுங்கள். "இந்த என்ட்ரி எத்தனை நாளா நிக்குது?" என்று நாம்தான் கேட்க வேண்டும். நமக்கு வேறு ஆடிட்டர் வர மாட்டான்.

என் நோட்டில் முதல் வரியை எழுதிவிட்டேன். சித்தப்பா பேர். கடைசியாகக் கேட்டது: சுடுகாட்டுப் பாதை. போன மாசம் சித்தியோடு போய், நான் எழுதிய வாக்குமூலம் பொய், பயந்து எழுதியது, மறுபடி விசாரியுங்கள் என்று மனுக் கொடுத்தேன். பதிமூன்று வருஷம் கழித்து வருகிறாயே என்றார்கள். என் வேலைக்கு ஏதாவது வரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரட்டும். சித்தி இந்தத் தடவை கைநாட்டு வைக்கவில்லை. முதியோர் கல்வியில் கற்ற எழுத்தில், கை நடுங்க, தன் பேரை எழுதினார். என் கையெழுத்தைவிட அது அழகாக இருந்தது.

அக்கா, உங்க பையனை அனுப்புங்க. பட்டணம் மலையை விட மோசம்னும் இல்லை, மலை பட்டணத்தை விட நல்லதுன்னும் இல்லை. போகும்போது ஒண்ணு மட்டும் சொல்லி அனுப்புங்க. எங்கே, யார் செத்தாலும், தனக்குத் தெரிஞ்சதை மறைச்சுக் கையெழுத்துப் போடாதேன்னு சொல்லுங்க. எனக்கு அதைச் சொல்ல அன்னிக்கு யாரும் இல்லை.

ஜெய்பீம்.